ஒதுங்கினால் அவுட்

எங்கள் தோட்டத்து கிரிக்கெட்டில் ஒரு சட்டம் உண்டு. அது உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்பதைப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். பந்து உடம்பை நோக்கி வரும்போது மட்டை பிடித்தவன் காலை நகர்த்தி ஒதுங்கினாலோ, முகத்தைத் திருப்பினாலோ அவன் அவுட். ஸ்டம்பில் பட வேண்டாம், யாரும் கேட்ச் பிடிக்க வேண்டாம். சுற்றி நிற்பவர்களில் ஒருவன் "ஒதுங்கிட்டான்டா!" என்று கத்தினால் போதும், மட்டையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போக வேண்டியதுதான்.

கரங்கானிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. விளையாடத் திடல் கிடையாது. காலையில் வேலையாட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம்தான் எங்கள் மைதானம். சிமெண்டுத் தரை, ஒரு பக்கம் உரக்கொட்டகையின் தகரச் சுவர், மறுபக்கம் கால்வாய். டென்னிஸ் பந்தின் மேல் கறுப்பு வயர் டேப்பை இறுக்கிச் சுற்றி வைத்திருப்போம். சிமெண்டில் குத்தி எழும்பினால் நெஞ்சுக்கும் முகத்துக்கும்தான் வரும். பட்டால் தோல் வட்டமாகச் சிவக்கும், இரண்டு நாள் வலிக்கும், அவ்வளவுதான். அந்தப் பந்துக்காக யாரோ போட்டு வைத்த சட்டம் அது. அது அந்தப் பந்துக்கு மட்டும்தான் என்பதை இரண்டு பேர் மறந்துபோனோம். ஒருவன் நான்.

இன்னொருவன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். ஒரே வயது, ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே பள்ளி பஸ். சொந்தம் இல்லாவிட்டாலும் அவன் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பலகையில் இரண்டு தட்டு தட்டினால் 'விளையாட வா' என்று அர்த்தம். அவன் மட்டை பிடிப்பான், நான் பந்து போடுவேன். எத்தனை வேகமாகப் போட்டாலும் அவன் ஒதுங்கியதே இல்லை. நெஞ்சில் வாங்குவான், தோளில் வாங்குவான், தேய்த்துக்கூட விடமாட்டான். அடிபட்ட இடத்தைத் தேய்ப்பதும் எங்களிடத்தில் அவமானம்தான்.

பதினேழு வயதில், தீபாவளிக்கு அடுத்த நாள், தோட்டமே கூடி நின்று பார்த்த ஆட்டத்தில் அவன் பந்து போட்டான், நான் மட்டை பிடித்தேன். ஒரு பந்து முகத்துக்கு நேராக வந்தது. நான் யோசிக்கவில்லை, பயப்படக்கூட நேரம் இல்லை. கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

"ஒதுங்கிட்டான்டா!" என்று முதலில் கத்தியவன் அவன்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். கொட்டகை ஓரம் நின்ற பெண்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். மட்டையோடு நேராக நடந்து போய் அவன் வலது முட்டியில் ஓங்கி ஒன்று போட்டேன். அவன் சுருண்டு விழுந்தான். அவன் அண்ணன் ஓடி வந்து ஸ்டம்புக் கட்டையைப் பிடுங்கி என் தலையில் இறக்கினான். ஏழு தையல். ரத்தத்தைப் பார்த்துவிட்டு என் அப்பா வீட்டிலிருந்து பாராங் கத்தியோடு வந்தார். அவன் அப்பா செம்பனைக் குலை குத்தும் இரும்புக் கம்பியோடு வந்தார். போலீஸ் லாரி வரும்வரை இரண்டு பேரையும் எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பள்ளியில் எழுதிப் போட்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் பொறுத்தவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பலகைச் சுவரில் யாரும் தட்டவில்லை. தையல் போட்ட இடத்தில் முடி வளர்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தோட்டத்தில் எனக்கு 'ஒதுங்குனவன்' என்று பெயர். கோயிலில், கடையில், ரோட்டில், சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொன்னார்கள். அப்பா ஒருமுறை சாப்பிடும்போது, "நீ நேரா நின்னுருந்தா இவ்வளவு கதை இல்ல" என்றார். தட்டை அவர் முன்னால் வீசிவிட்டு எழுந்து போனேன்.

எனக்குத் தெற்கே, தலைநகர்ப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவனுக்கு வடக்கில் ஒரு பல்கலைக்கழகம். தெற்கே போய் நான் வேகப்பந்து வீச்சாளன் ஆனேன். தோல் பந்து கையில் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். எதிரே நிற்பவன் ஒதுங்க வேண்டும். விக்கெட் விழுவதைவிட அந்தக் கால் பின்னால் போவதைப் பார்ப்பதில்தான் எனக்குச் சுகம். அதை மறைத்து நல்லவன் வேஷம் போட எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொருவன் ஒதுங்கும்போதும் அவன் முகத்தில் நான் பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைத்தான் ஒட்டிப் பார்த்தேன்.

மூன்றாம் வருடம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி சுங்கைப்பட்டாணியில் நடந்தது. காலையில் பல்கலைக்கழக பஸ்ஸில் கிளம்பினோம். ஓட்டுநர் ஐம்பது வயது தாண்டிய மலாய்க்காரர், எல்லோருக்கும் அவர் பாக்சிக், மாமா மாதிரி. ஈப்போ தாண்டியதும் கேப்டன் எழுந்து நின்று ஆட்டப் பட்டியலைக் கைப்பேசியில் பார்த்துப் படித்தார். அவர் கடைசி வருடம், கிள்ளான்காரர். நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். முதல் ஆட்டமே வடக்குப் பல்கலைக்கழகத்தோடு. எதிரணிப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் மூன்றாவது ஆளிடம் நிறுத்தினார்.

"இவன்தான் முக்கியம். அடுத்த மாசம் ஸ்டேட் செலக்‌ஷனுக்குக் கூப்ட்டிருக்காங்களாம். டேய் தம்பி, இவன் உங்க கரங்கான் பக்கம்னு போட்டிருக்கு. தெரியுமா?"

"பக்கத்து வூடு" என்றேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து மாநில அணி வாசல் வரை போனவன் ஒருவனும் இல்லை. அத்தை லயம் முழுக்கச் சொல்லியிருப்பார். என் அம்மா மட்டும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கு வயிறு எரிந்தது. முன் சீட்டின் முதுகை ஓங்கிக் குத்தினேன். உள்ளே இரும்பு இருந்திருக்கிறது, விரல் முட்டிகள் உரிந்து ரத்தம் வந்தது.

முன் சீட்டில் இருந்தவன் எங்கள் விக்கெட் கீப்பர். பட்டணத்துப் பையன், வாய் சும்மா இருக்காது. திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "என்னா லா, பாராங் எடுத்துட்டு வந்தியா இல்லையா? தோட்டத்து ஆளுங்க பாராங் இல்லாம பேச மாட்டாங்களே."

அவன் சொல்லி முடிக்கும் முன்பே என் கை அவன் வாயில் இருந்தது. அவன் உதடு கிழிந்தது. அவனும் சும்மா இருக்கவில்லை, சீட்டைத் தாண்டி என் மேல் விழுந்தான். இரண்டு பேரும் நடைபாதையில் உருண்டோம். யாரோ என் காதைப் பிடித்து இழுத்தார்கள். நான் யாருடைய கையையோ கடித்தேன். பஸ் நெடுஞ்சாலை ஓரம் நின்றது. பாக்சிக் எழுந்து வந்து, "இனி பஸ், புக்கான் கெலங்காங் திஞ்சு!" என்று கத்தினார். இது பஸ், குத்துச்சண்டை மேடை இல்லை என்று அவர் சொன்ன விதத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேப்டன் என்னைக் கீழே இறக்கி, புல் மேட்டில் நிறுத்தினார். லாரிகள் போகும் சத்தத்தில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"உனக்கு விக்கெட் வேணுமா, ஆளு வேணுமா?"

"ரெண்டும் வேணும்ணே."

"அடி வாங்குவ. ஒழுங்கா லெங்த்ல போடு. ஆள குறி வெச்சுப் போட்டன்னா பவுண்டரில நிக்க வெச்சிருவேன், தெரியுதா?"

தெரியுது என்று தலையாட்டினேன். அவர் நல்லவர். நல்லவர்களிடம் தலையாட்டுவது எளிது. பஸ் மறுபடி கிளம்பியபோது கீப்பர் ஐஸ் பையை உதட்டில் வைத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தான். கூலிமுக்குப் பிரியும் பலகை வந்தபோது நான் அதைப் பார்க்காத மாதிரி மறுபக்கம் பார்த்தேன். அந்தப் பாதையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் வீடு.

மறுநாள் காலை ஆட்டம். சிமெண்டின் மேல் பாய் விரித்த பிட்ச். கால் வைத்துப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இதில் பந்து பெரட்டுக்களத்தில் எழும்புவது போலத்தான் எழும்பும். பதினொரு பேரில் எனக்கு மட்டும் அது சொந்த ஊர் பிட்ச். இல்லை, எதிரணியில் இன்னொருவனுக்கும்.

முதல் விக்கெட் விழுந்து அவன் உள்ளே வந்தான். மூன்று வருடத்தில் தோள் அகன்றிருந்தது. நடக்கும்போது வலது கால் கொஞ்சம் இழுத்தது. அந்த முட்டி. அது என் கைவேலை என்று பார்த்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. வந்தது திருப்தி. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அன்றைக்கு வந்தது அதுதான்.

முதல் இரண்டு பந்தையும் கேப்டன் சொன்ன மாதிரி லெங்த்தில் போட்டேன். இரண்டையும் நான்குக்கு அடித்தான். அடித்துவிட்டு என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் இருப்பதே தெரியாத மாதிரி பாயைத் தட்டிச் சரிசெய்தான். அதுதான் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது.

அடுத்த பந்தைக் குட்டையாகக் குத்தினேன். அவன் விலாவில் பட்டது. ஊஃப் என்று காற்று வெளியே வரும் சத்தம் எனக்குக் கேட்டது. காலை அசைக்கவில்லை. தேய்க்கவும் இல்லை. அதற்கடுத்தது மேல் கையில். மட்டை ஒரு நொடி தளர்ந்தது, மறுபடி பிடித்துக்கொண்டான். அம்பயர் என்னைக் கூப்பிட்டு விரலை ஆட்டினார். கேப்டன் தூரத்திலிருந்து இரண்டு கையையும் கீழே அழுத்திக் காட்டினார், பந்தை அவன் காலடிப் பக்கம் போடு என்று. நான் அவன் பக்கமாக நடந்தேன். மூன்று வருடத்தில் முதல் வார்த்தை.

"தேய்ச்சுக்கோ லா. இங்க யாரும் பாக்கல."

அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "நீ அன்னைக்குத் திருப்புன மூஞ்ச இன்னும் நேரா வெக்கலையா?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "தொப்பிக்குள்ள ஒளிஞ்சுகிட்டுப் பேசாதடா. பெரட்டுக்களத்துல தொப்பி இல்ல. ஒதுங்குனா அவுட்டு, தெரியும்ல?"

மைதானத்தில் இருந்த யாருக்கும் இதற்கு அர்த்தம் தெரியாது. அவனுக்கு மட்டும் தெரியும். அவன் தாடைப் பட்டியை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றினான். அதைக் கீப்பருக்குப் பின்னால், கொஞ்ச தூரம் தள்ளிப் புல்லில் வைத்தான். அம்பயர் மலாய்க்காரர். "பாக்காய் பாலிக்" என்று ஹெல்மெட்டைக் காட்டித் திரும்பப் போட்டுக்கொள்ளச் சொன்னார். "பானாஸ் லா, அபாங்" என்றான் இவன். வெயில் உண்மையிலேயே கொளுத்திக்கொண்டிருந்தது. அம்பயர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

கேப்டன் ஓடி வந்தார். "என்னடா இது? அவன ஹெல்மெட் போடச் சொல்லு."

"நான் என்னா அவன் அம்மாவா?"

"அப்ப நீயாவது ஃபுல்லா போடு. கால்கிட்ட போடு. புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினேன். இரண்டாவது தடவை.

ஓடி வரும்போது என்ன நினைத்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கொல்ல நினைத்தாயா என்று அவன் அண்ணன் கேட்டான். இல்லை. அவன் குனிவான் என்று நினைத்தேன். தலையில் தொப்பி இல்லாமல் முகத்துக்கு வரும் தோல் பந்தைப் பார்த்து எவனாக இருந்தாலும் குனிவான், இல்லை திரும்புவான். அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும், தோட்டத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு. அதற்காக என் வாழ்க்கையிலேயே வேகமான பந்தைப் பாதிப் பாயில் குத்தினேன்.

அவனுக்கு நேரம் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவன் கண் பந்தோடு மேலே ஏறியதைப் பார்த்தேன். மட்டை கீழேயே இருந்தது. கால் நட்ட இடத்தில் இருந்தது. முகம் நேராக இருந்தது. பந்து இடது கண்ணில் பட்டது. சத்தம் பெரிதாக இல்லை. பந்து தரையில் விழுந்து என் காலடிக்கே உருண்டு வந்தது.

நான் முதலில் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். 'ஐயோ' என்று நினைக்கவில்லை. 'ஒதுங்கவில்லை' என்று நினைத்தேன். அவன் முழங்காலில் சரிந்து, பக்கவாட்டில் விழுந்து, விரல்களுக்கு நடுவில் ரத்தம் வழியத் தொடங்கிய பிறகும், நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் ஆட்கள் ஓடி வந்தார்கள். முதல் அடி என் தாடையில் விழுந்தது, யாருடையது என்று தெரியாது. இரண்டாவது ஒரு மட்டையின் விளிம்பு, முதுகில். நானும் அடித்தேன். அவன் ரத்தத்தில் கிடக்கும்போது, பத்தடி தள்ளி நான் இன்னொருவன் மூக்கை உடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அணியும் உள்ளே புகுந்தது. பாயின் மேல் இருபது பேர் ஒருவரை ஒருவர் மிதித்தார்கள். ஒருவனை நான் கழுத்தைப் பிடித்து அமுக்கியிருந்தேன். கேப்டன் என் முடியைப் பற்றித் தூக்கிக் கன்னத்தில் அறைந்தார்.

"ஆளு அங்க சாவுறான்டா! பஸ்ஸுக்குத் தூக்கு!"

மைதானத்துக்கு வந்த ஆம்புலன்ஸ் காலையில் மயங்கி விழுந்த வேறொருவனை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் நின்றது எங்கள் பஸ்தான். அவன் தோளை நான் பிடித்தேன், காலை இரண்டு பேர் பிடித்தார்கள். பின் சீட்டில் படுக்க வைத்தோம். கிழிந்த உதட்டோடு கீப்பர் உட்கார்ந்து அவன் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டான். நான் துண்டை மடித்துக் கண்ணின் மேல் வைத்தேன். பாக்சிக் ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். சிவப்பு விளக்கு எதற்கும் நிற்கவில்லை. துண்டு நனைந்து என் மணிக்கட்டு வரை வழிந்தது. நான் அழுதேனா என்று கேட்டால், ஆமாம், அப்போதுதான் அழத் தொடங்கினேன்.

அவன் கை தடவித் தடவி என் ஜெர்சியைப் பிடித்தது. இழுத்தான். நான் குனிந்தேன்.

"திரும்புனனா?" என்றான்.

"என்னடா?"

"மூஞ்சி. திரும்புனனா?"

"இல்லடா" என்றேன். "நேரா நின்ன."

"யாரும் கத்தல?"

"யாரும் கத்தல."

அவன் கையை விட்டான். கீப்பர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கழுத்தைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

அவன் அண்ணன் கரங்கானிலிருந்து மோட்டாரில் பறந்து வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்தான். கையில் இருந்த மோட்டார் ஹெல்மெட்டாலேயே முகத்தில் அடித்தான். முன்பல் ஒன்று தரையில் விழுந்து ஓடியது. கீழே தள்ளி வயிற்றில் உதைத்தான், நெஞ்சில் உதைத்தான். "கொல்ல நெனச்சியாடா? சொல்லு, கொல்ல நெனச்சியா?" நான் கையை மடக்கிக்கொள்ளவில்லை. முகத்தையும் திருப்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒதுங்காமல் அடி வாங்கியது அன்றுதான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

அத்தை பின்னால் வந்து மகன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வுடுடா. இவன அடிச்சா அவன் கண்ணு வருமா?" என்னை அவர் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பல்லைத் தாண்டி உள்ளே போனார்.

என் அப்பா அரை மணி நேரம் கழித்து வந்தார். வாயில் பஞ்சோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"ஒதுங்குனானா?"

நான் எழுந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரில் சாய்த்தேன். அவர் கழுத்து நரம்பு என் விரலுக்கு அடியில் துடித்தது. ஒரு குத்து, ஒரே ஒரு குத்துதான் பாக்கி. காவலாளி ஓடி வந்து என்னைப் பிரித்தார். அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு, நான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்ட மாதிரி என்னைப் பார்த்தார். அவர் கேட்டதில் அவருக்குத் தப்பு தெரியவில்லை. அந்தப் பந்தைப் போடும்வரை எனக்கும்தான் தெரியவில்லை.

இரண்டு தடவை ஆபரேஷன் செய்தார்கள். பார்வை வரவில்லை. மாநிலத் தேர்வு நாள் வந்தது, போனது. போட்டி நடத்தியவர்கள் விசாரித்தார்கள். பவுன்சர் போடுவதற்கு விதியில் இடம் உண்டு, ஹெல்மெட்டை அவனே கழற்றினான், ஆகையால் விபத்து என்று எழுதினார்கள். கைகலப்புக்காக இரண்டு அணிக்கும் எச்சரிக்கை. அவ்வளவுதான். கேப்டன் மட்டும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். "ரெண்டு தடவ தலையாட்டுன" என்று ஒரே ஒருமுறை சொன்னார். நான் தோல் பந்தை அதற்குப் பிறகு தொடவில்லை.

அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கத்தான் பார்த்தேன், அம்மா அழுதார். பண்டிகைக்கு மறுநாள் சாயங்காலம் அறையில் படுத்திருந்தேன். பலகைச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது.

அசையாமல் கிடந்தேன். மறுபடி இரண்டு தட்டு.

வெளியே வந்தபோது அவன் வாசலில் மட்டையோடு நின்றான். இடது இமை பாதி மூடியிருந்தது. அதற்குள்ளே இருந்த வெள்ளையைப் பார்க்க முடியாமல் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன.

"டேய், நான்..."

"பந்து போட ஆள் பத்தல. வா லா" என்றான்.

பெரட்டுக்களத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவன் அண்ணன் கால்வாய்த் திட்டில் உட்கார்ந்திருந்தான், எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் டேப் சுற்றிய பந்தை என் கையில் வைத்தான். அந்தப் பந்து எவ்வளவு லேசு என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அவன் மட்டையை ஊன்றி நின்றான். என்னைப் பார்க்க முன்பைவிட அதிகமாகக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

இரண்டடி நடந்து வந்து மெல்லத் தூக்கிப் போட்டேன். மட்டை பந்து வருவதற்கு முன்பே சுற்றிப் போய்விட்டது. ஒரே கண்ணில் தூரம் பிடிபடவில்லை. "வேகமா போடுடா" என்றான். மறுபடி மெல்லப் போட்டேன். இந்த முறை விளிம்பில் பட்டு, அவனுக்கு இடதுபக்கம், உரக்கொட்டகைச் சுவரில் மோதி நின்றது. அங்கே நின்றவன் எப்போதும் செய்கிற மாதிரி பந்தை எடுத்து ஸ்டம்பைப் பார்த்து ஓங்கி எறிந்தான்.

மட்டை பிடித்தவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து அவன் இடதுபக்கத்திலிருந்து, முகத்துக்கு நேராகப் போவதை நான் பார்த்தேன். "டேய், பாரு!" என்று கத்தினேன். அவன் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் என்னையே பார்த்தான். பந்து இடது கன்னத்து எலும்பில், அந்தக் கண்ணுக்குக் கீழே, பட்டென்று விழுந்தது. அவன் கால் அசையவில்லை. முகம் திரும்பவில்லை. திருப்புவதற்குப் பந்து தெரிய வேண்டுமே. அந்தப் பக்கமிருந்து எது வந்தாலும் அவன் இனிமேல் சாகும்வரை ஒதுங்கமாட்டான்.

கன்னத்தில் வட்டமாகச் சிவப்பு ஏறியது. அவன் தேய்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பாத்தியா?" என்றான். "ஒதுங்கல."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யாரும் கத்தவில்லை. என் காலடிக்கு உருண்டு வந்த பந்தை அங்கேயே விட்டுவிட்டு நானே வெளியே போனேன்.